எனக்குப் பதிலாகச் சாப்பிட்டவள்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "சோறு இல்ல, சப்பாத்தி இல்ல, இனிப்பு இல்ல. முட்டையும் கறியும் கீரையுமா தின்னு நாக்கு செத்துப்போச்சும்மா. மெஷின் மேல ஏறி நின்னா நம்பர் மாறவே மாட்டேங்குது. பேசாம விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாய். நான் ம் என்று மட்டும் சொல்லிவிட்டு, பேத்தியின் காய்ச்சலைப் பற்றி விசாரித்துப் பேச்சை மாற்றினேன். உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. ஆனால் அது போனில் சொல்கிற விஷயமில்லை. உன் அப்பா இருந்தவரை வீட்டில் அதைப் பேச எங்கள் இருவருக்குமே தைரியம் வந்ததில்லை. இப்போது எனக்கும் வயதாகிறது. அடுத்த மாதம் நீ குடும்பத்தோடு கடல் தாண்டிப் போகிறாய். அதனால் எழுதுகிறேன். அவசரப்படாமல், பகலில் உட்கார்ந்து படி.

நீ இதைக் கீட்டோ என்கிறாய். எனக்கு டாக்டரம்மா இதே பத்தியத்தைச் சொன்னபோது அதற்கு எந்தப் பெயரும் இல்லை. எண்பதுகளின் நடுவில், நீ இரண்டாம் வகுப்பு படித்த சமயம் அது. பாலக்கோட்டில் தக்காளி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் நாம் குடியிருந்தோம். அப்பா ஒகேனக்கல் போய்வரும் தனியார் பஸ்ஸில் டிரைவர். நான் மண்டியில் தக்காளி தரம் பிரிப்பவள். பழுத்தது ஒரு கூடைக்கு, செங்காய் ஒரு கூடைக்கு, அடிபட்டது ஒரு கூடைக்கு என்று காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். நான் அப்போது எவ்வளவு பருமன் என்று உனக்கு நினைவிருக்காது. சந்தில் எதிரே யாராவது வந்தால் அவர்கள் பின்வாங்கி முனைக்குப் போய் நின்று, நான் கடந்த பிறகுதான் உள்ளே வருவார்கள். என் இடது காலில் செருப்புக் கடித்த புண் ஒன்று ஆறாமல் இருந்தது. ஒருநாள் நீ தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவன், "அம்மா, உன் கால எறும்பு தின்னுது" என்று அலறினாய். குனிந்து பார்த்தேன். புண்ணைச் சுற்றிக் கறுப்பாக மொய்த்திருந்தன. எனக்கு ஒரு கடி கூட உறைக்கவில்லை. என் கால் என்னுடையது இல்லாதது மாதிரி இருந்தது.

மறுநாளே அப்பா என்னைத் தருமபுரிக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா வயதானவர், கண்டிப்பானவர். சிறுநீரைச் சீசாவில் நீல மருந்தோடு சேர்த்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. "பார்த்தியா? உடம்பு முழுக்கச் சர்க்கரை. இந்தப் பருமனோட இப்படியே இருந்தா முதல்ல காலு போகும், அப்புறம் கண்ணு" என்றார். பிறகு பத்தியம் சொன்னார். அரிசி, களி, கிழங்கு, வெல்லம் எதுவும் வாயில் படக் கூடாது. முட்டை, மீன், கறி, கீரை, தயிர், தேங்காய் வயிறு நிறையச் சாப்பிடலாம். மாத்திரையை அவரே பார்த்துக் கூட்டிக் குறைப்பார். வெளியே வந்ததும் அப்பா, "களி திங்காம ஒரு மனுசி எப்படி உசுரோட இருக்கிறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். காலையில் களி, இரவில் களி என்று வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம்.

ஆனால் இருந்தேன். கறி வாங்க முடியாத நாளில் முட்டை, முட்டை இல்லாத நாளில் கருவாட்டோடு ஒரு சட்டிக் கீரை. சனிக்கிழமை மண்டியில் கூட்டம் கலைந்த பிறகு, தக்காளிக் கூடை வைக்கிற தராசு மேடையில் ஏறி நிற்பேன். தராசுக்காரத் தம்பி எடைக்கல்லை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பான். முதலில் கொஞ்சம் இறங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து என்னோடு மண்டி வேலைக்கு வரும் ஜெபமாலை அக்கா எனக்காக மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். பிறகு எடை இறங்குவது நின்றுவிட்டது. "போன வாரம் நின்ன எடத்துலயே நிக்குதுங்க அக்கா" என்பான் தம்பி. அடுத்த வாரமும் அதையே சொல்வான். பிறகு சொல்லக் கூச்சப்பட்டு, தலையை மட்டும் ஆட்டுவான். உன் மெஷின் உன்னிடம் தனியாகச் சொல்கிறது, கண்ணு. எனக்குச் சந்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அது தொடங்கியது. ஒருநாள் ஜெபமாலை அக்கா தக்காளி பிரித்துக்கொண்டே, "ஏம்மே, நேத்து பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுல போண்டாக் கடையில நின்னியே, அத்தன தரம் கூப்டேன், திரும்பியே பாக்கல?" என்றாள். முதல் நாள் முழுக்க நான் மண்டியில் இருந்தேன், பென்னாகரம் பக்கமே போகவில்லை என்றேன். அவள் சிரித்தாள். "சரி சரி, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், போ." அடுத்த வாரம் தக்காளி கொண்டுவந்த ஒரு விவசாயி, ஒகேனக்கலில் என்னைப் பார்த்ததாகச் சொன்னார். ஒரு இலை நிறையச் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேனாம். "நல்ல பசி போல இருக்குதுங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். என் கையிலிருந்த தக்காளி நசுங்கிச் சாறு முழங்கை வரை வழிந்தது.

மூன்றாவதாகச் சொன்னது அப்பாவின் கண்டக்டர் மாதையன். அவன் என்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடமே சொல்லிவிட்டான். அண்ணி ஒகேனக்கலில் மீன் வறுவல் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள், அதே பச்சைச் சேலை, கூப்பிட்டால் தலை நிமிரவில்லை என்று. அன்று அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் நின்றார். "திங்கணும்னு தோணுச்சுன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? நானே வாங்கிக் குடுத்திருப்பனே. ஊரு ஊராப் போயி திருட்டுத்தீனி திங்கணுமா?" என்றார். நான் மண்டியில் இருந்தேன் என்றேன். பச்சைச் சேலை பெட்டியில் மடித்தபடி இருக்கிறது என்று திறந்து காட்டினேன். அவர் சேலையைப் பார்க்கவில்லை. "அப்புறம் ஏன் எட எறங்கல?" என்று கேட்டார். தராசு அவர் பக்கம் சாட்சி சொன்னது.

கொஞ்ச நாளில் எனக்கே என் மேல் நம்பிக்கை போய்விட்டது. மண்டியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாக்கின் மேல் சாய்ந்து கண்ணயர்வேன். திடுக்கிட்டு விழித்து, எங்கே போய் வந்தோம் என்று முதலில் காலைப் பார்ப்பேன், புழுதி இருக்கிறதா என்று. பிறகு விரலை முகர்ந்து பார்ப்பேன். ஒருமுறை மீன் வாசனை அடித்தது மாதிரி இருந்தது. அன்று நான் மீன் சாப்பிடவில்லை. இல்லை, சாப்பிட்டேனோ? யோசிக்க யோசிக்க அது கூட நிச்சயமில்லாமல் போயிற்று. அந்தப் பக்கம் பார்த்தவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. இந்தப் பக்கம் என் வாயில் ஒரு பருக்கை பட்டதில்லை. ஆனாலும் அங்கே தின்று தீர்த்ததெல்லாம் இங்கே என் உடம்பில் வந்து சேர்ந்துகொண்டே இருந்தது மாதிரி, அதே எடை.

எனக்கு ஒரே ஒரு ஆள்தான் துணை நின்றார். டாக்டரம்மாவிடம் போய், ஜனங்கள் பார்த்ததையெல்லாம் சொல்லாமல், எடை இறங்கவில்லை என்று மட்டும் அழுதேன். அவர் சீசாவை விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது. பச்சையிலேயே நின்றது. "நீ ஏமாத்தலைன்னு இது சொல்லுது. தராசு வேற பாஷை பேசும். அதுக்கு உன் ரத்தத்துல என்ன நடக்குதுன்னு தெரியாது. காலைக் காட்டு" என்றார். புண் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வந்திருந்தது. குண்டூசியால் கட்டைவிரலைத் தொட்டார். நான் காலை இழுத்துக்கொண்டேன். "உறைக்குதா? அது போதும், வீட்டுக்குப் போ." பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அந்தக் கட்டைவிரலை நகத்தால் கீறிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் வலித்தது. என் கால் திரும்பி வந்துவிட்டது என்று தோன்றியது. ஆனால் இதை யாரிடம் சொல்ல முடியும்? பச்சை நிறத்தை ஊருக்கெல்லாம் காட்ட முடியாது. தராசு நடுச்சந்தையில் நிற்கிறது.

அதற்குப் பிறகு ஒருநாள் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கூடக் கழற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். "ஏம்மா ஸ்கூல் கேட்டுகிட்ட நின்ன? நான் ஓடியாந்தேன், நீ பேசாம போயிட்ட" என்றாய். அம்மா மாதிரி வேறு யாராவது இருக்கும் என்றேன். "இல்ல, நீதான். எனக்குத் தெரியாதா? ஆனா காலுல துணி சுத்தியிருந்த." என் காலில் அப்போது துணி இல்லை. நீ குனிந்து என் பாதத்தைப் பார்த்தாய், பிறகு என் முகத்தைப் பார்த்தாய், பிறகு சாப்பிடப் போய்விட்டாய். உனக்கு இது எதுவுமே நினைவில்லை என்று எனக்குத் தெரியும். நான் அன்று உன் கண்ணில் பார்த்ததை இன்றுவரை மறக்கவில்லை. எந்த அம்மா நிஜம் என்று ஒரு நொடி நீ யோசித்தாய்.

மறுநாள் மண்டிக்குப் போகாமல், அப்பாவின் வண்டியை விட்டு வேறு வண்டி பிடித்து ஒகேனக்கல் போனேன். வெயில் உச்சியில் நின்றது. அருவிச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கூடக் கேட்கவில்லை. மீன் வறுவல் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கடைசிக் கடைக்காரி என்னைப் பார்த்துவிட்டு, சட்டியில் கரண்டியை அப்படியே வைத்தாள். "என்னாங்க, இப்பத்தானே எழுந்து போனீங்க? மறுபடியும் பசிக்குதா?" என்றாள். பலகையின் மேல் ஒரு இலை கிடந்தது. பாதிச் சோறு இருந்தது. சோற்றில் பதிந்த விரல் தடம் இன்னும் ஈரமாக இருந்தது. அந்தத் தடத்தின் மேல் என் விரலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை வந்தது, கண்ணு. ஏன் என்று தெரியாது. வைக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் எங்கே போனாள் என்று கேட்டேன். கடைக்காரிக்குக் கேள்வி புரியவில்லை. "யாருங்க?" என்றாள்.

நான் ஆற்றைப் பார்த்தேன். நடு ஆற்றில் ஒரு பரிசல் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கரை கர்நாடகம். பரிசலில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது. என் முதுகை நான் பார்த்ததில்லை. ஆனால் அது என் முதுகு என்று எனக்குத் தெரிந்தது. கத்திக் கூப்பிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. அவள் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். என்னைப் போல ஒரு மனுசி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், கண்ணால் பார்த்தேன் என்று. அவர், "அப்ப, நீ இன்னிக்கி ஒகேனக்கல்லு போயிருந்த" என்றார். அவ்வளவுதான். நான் சொன்னதில் அவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

நான் கிட்டத்தட்ட விட்டேவிட்ட நாள் அதற்கு மறுநாள். உங்கள் இருவருக்கும் களி கிண்டினேன். நீங்கள் சாப்பிட்டுப் போன பிறகு மிச்சம் ஒரு உருண்டை சட்டியில் இருந்தது. தின்றாலும் பழி, தின்னாவிட்டாலும் பழி, எதற்கு இந்தப் பட்டினி என்று கையில் எடுத்துவிட்டேன். சூடு உள்ளங்கையில் ஏறியது. வாய்வரை கொண்டுபோனவள், ஏன் நிறுத்தினேன் என்று சொல்கிறேன் கேள். மனஉறுதி என்று நினைத்துக்கொள்ளாதே. பயத்தால் நிறுத்தினேன். இதை நான் தின்றுவிட்டால், அவர்கள் எல்லோரும் பார்த்தது நானாகிவிடும் என்று தோன்றியது. இதுவரை அங்கே சாப்பிடுகிறவள் வேறு, இங்கே இருக்கிறவள் வேறு. நடுவில் இருந்தது ஒரு வாய்க் களிதான். அதை விழுங்கினால் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவோம். உருண்டையைக் கொண்டுபோய் வெளியே கோழிக்கு வைத்தேன்.

பிறகு நடந்ததை அப்பா என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நான் களியைக் கோழிக்கு வைத்த அன்றே, ஒகேனக்கலில் வண்டி புறப்படும்போது, தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்திருக்கிறார். நடு வரிசையில் சன்னலோரம் நான் உட்கார்ந்திருக்கிறேன். மாதையன் என்னிடம் டிக்கெட் கேட்காமல் தாண்டிப் போகிறான். அப்பாவுக்கு உடம்பெல்லாம் எரிந்ததாம். மறுபடியும் வந்து தின்றுவிட்டுப் போகிறாள், அதுவும் என் வண்டியிலேயே என்று. வழியெல்லாம் கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக ஓட்டியிருக்கிறார். பாலக்கோடு வந்து எல்லோரும் இறங்கினார்கள். மாதையன் முன்னால் வந்து, "அண்ணே, அண்ணி எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க" என்றான். அப்பா பின்னால் போய், "எறங்கு. வூட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றார். பதில் இல்லை. "காது கேக்கலியா?" என்று தோளைத் தொட்டார். தலை சன்னல் கம்பியிலிருந்து நழுவி அவர் கை மேல் விழுந்தது.

அவர் மண்டிக்கு ஓடி வந்தது ஜெபமாலை அக்காவைக் கூப்பிட. எங்கே போவது, யாரிடம் சொல்வது என்று வேறு எதுவும் தோன்றவில்லையாம். நான் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். உன் அப்பா என் முன்னால் நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை. என்னையே பார்த்தார். கட்டிய புருஷன், உன்னைப் பெற்றபோது பக்கத்தில் நின்றவர், என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டார்.

நான் எழுந்து அவர் கையைப் பிடித்தேன். அவர் உதறினார். மறுபடியும் பிடித்தேன். "நான்தாங்க, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சூடு இருக்கிறதா என்று என் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்தார். பிறகு தக்காளிச் சாக்குகளின் மேல் அப்படியே சரிந்து உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதார். ஜெபமாலை அக்காவோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கூட்டம் என்னைப் பார்த்ததும் தானாக விலகியது. ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். அவளை இன்னும் சன்னலோரமே சாய்த்து வைத்திருந்தார்கள். என் நெற்றி, என் மோவாய், பருத்த கழுத்தில் என் மடிப்பு. இடது காலில் துணி சுற்றியிருந்தது, அதில் எறும்பு. நான் குனிந்து அந்த எறும்புகளைத் தட்டிவிட்டேன். அதைத் தவிர வேறு எதையும் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

ஒகேனக்கல் பரிசல்காரர் வழியாகத் தகவல் போய், சாயங்காலத்துக்குள் அவள் தம்பி வந்து சேர்ந்தார். சிவண்ணா என்று பெயர். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். அவருடைய அக்காவுக்கும் சர்க்கரை. அங்கேயும் ஒரு டாக்டர் சோறும் களியும் கூடாது என்று சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாள் இருந்திருக்கிறாள். உடம்பு இறங்கவில்லை. வீட்டில் கண்காணித்தார்கள் என்பதால், தன்னைத் தெரியாத ஊரில் போய்ச் சாப்பிடுவதற்காகவே ஆற்றைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். "ஆனா இன்னிக்கி திங்க வரலீங்க" என்றார் சிவண்ணா. "ஒகேனக்கல்ல எல்லாரும் அவள வேற யாரோன்னு நெனச்சு பேசறாங்களாம். அவ மாதிரியே ஒருத்தி பாலக்கோட்டுல தக்காளி பிரிக்கறாளாம், ஒரு வாயி சோறு திங்கறதில்லயாம். எட எறங்காட்டியும் விடமாட்டேங்கறாளாம். அவளப் பாக்கணும்னு ஒரே புடியா இருந்தா. ஒருக்கா வந்து, தகிரியம் இல்லாம திரும்பிட்டா. இன்னிக்கி, எப்படி முடியுதுன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்னு கெளம்பினா."

தைரியம் இல்லாமல் திரும்பிய அன்றுதான் உன் பள்ளிக்கூட வாசலில் நின்றிருக்க வேண்டும். ஏன் அங்கே போனாள் என்று அவருக்கும் தெரியவில்லை. அவளுக்குக் குழந்தை இல்லை என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை தராசில் ஏறினேன். மாதக்கணக்காக அசையாதது ஒரேயடியாக இறங்கியிருந்தது. தம்பி நம்பாமல் என்னை இறங்கி ஏறச் சொன்னான். மறுபடியும் அதே. "அக்கா, எறங்கிடுச்சுங்க!" என்று கத்தினான். நான் சந்தோஷப்படவில்லை. மேடையிலிருந்து குதித்து இறங்கி, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். டாக்டரம்மா இதற்கும் சாதாரணமாகப் பதில் சொன்னார். கொழுப்பு கரைந்த இடத்தில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தராசுக்கு வித்தியாசம் தெரியாது, ஒருநாள் மொத்தமாக விட்டுவிடும் என்றார். அது உண்மைதான். உனக்கும் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கும். ஆனால் அது ஏன் அந்த வாரம் பார்த்து விட்டது என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து சிவண்ணா வீடு தேடி வந்தார். அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரையால் கண் போய்விட்டது. மகள் இறந்ததை அவர்களிடம் சொல்லவில்லை. ஆற்றின் இந்தக் கரையிலேயே காரியத்தை முடித்துவிட்டு, அக்கா தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கிழவி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். "ஒரே ஒரு தடவ வந்து பக்கத்துல உக்காந்துட்டு வந்துடுங்க அக்கா. பேச வேணாம். சும்மா உக்காந்தாப் போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா வேண்டாம் என்றார். செத்தவள் இடத்தில் போய் உட்காராதே என்றார். எனக்கும் பயம்தான். ஆனால் அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வந்தவள். கேட்காமல் போய்விட்டாள். போகிறேன் என்றேன். அப்பா ஒகேனக்கல் வரை அவர் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டார். வழியில் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

பரிசல்காரர் என்னைப் பார்த்ததும் துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். அவளை எத்தனையோ முறை ஏற்றிச் சென்றவர். அவள் செத்ததும் தெரிந்தவர். சிவண்ணா அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்க்காமல், தண்ணீரையே பார்த்தபடி அக்கரை சேர்த்தார். கூலி கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். அந்த ஊரில் நான் நடந்துபோன தெருவில் ஜனங்கள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாய் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு என் கூடவே ஓடி வந்தது.

கிழவி பாயில் படுத்திருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விரல்கள் என் நெற்றியில் தொடங்கிக் கன்னம், மோவாய், கழுத்து என்று இறங்கின. கழுத்தில் நின்றன. மறுபடியும் கன்னத்துக்குப் போயின. கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். தோளைத் தடவினாள், மேற்கையைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். வளையலைத் தள்ளினாள், அது முழங்கை வரை ஓடியது. "சண்ணகாகித்தீயல்லா மகளே" என்றாள். மெலிந்துவிட்டாயே மகளே என்று. அத்தனை மாதத்தில், கண் இருக்கிறவர்கள் ஒருவர் கூட என்னைப் பார்த்து அதைச் சொன்னதில்லை, கண்ணு. புருஷன் சொல்லவில்லை, சந்தை சொல்லவில்லை, தராசு கூடச் சில வாரம் முன்புதான் சொன்னது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

சிவண்ணாவின் மனைவி ஒரு தட்டில் களி உருண்டையும் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். கிழவி கையால் துழாவி, தட்டை என்னிடமிருந்து நகர்த்தித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். முதல் வாயை எடுத்துத் தானே சாப்பிட்டாள். வாசலில் சிவண்ணா முகத்தை மூடிக்கொண்டார். கிழவி மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, எச்சில் படாத மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பிடபேட" என்றாள். விட்டுவிடாதே என்று அர்த்தம். பிடியை இறுக்கி மறுபடியும் அதையே சொன்னாள். பதில் வரும்வரை விட மாட்டாள் போலிருந்தது.

"இல்லம்மா, விட மாட்டேன்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவள் திடுக்கிடவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, சாப்பிடத் தொடங்கினாள். நான் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லை ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்து வந்து மகளுக்குத் தமிழ் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தாளா, தெரியாது. அந்த வாக்கை என் பெயரில் கொடுத்தேனா, செத்துப்போனவள் பெயரில் கொடுத்தேனா என்பதும் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் விடவில்லை.

அம்மா